பள்ளித் தட்டில் இருக்கும் மீன் யாருடைய கடலில் பிடித்தது? அமெரிக்கப் பள்ளி உணவுக்கான உள்நாட்டு மீன் கொள்முதல்: முழுமையான வழிகாட்டி

ரொட்டித்தூள் பூசிய மீன் துண்டுகள் அடங்கிய ஒரு பெட்டி பள்ளிச் சமையலறைக்கு வருகிறது. முகப்பில் பனிமலையும் படகும் வரைந்திருக்கிறார்கள். கீழே அமெரிக்க நிறுவனத்தின் முகவரி. கொள்முதல் அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, உள்நாட்டுப் பொருள்தான் என்று கோப்பில் குறித்துவிடுகிறார். ஆனால் அந்த மீன் ரஷ்யக் கடலில் பிடிபட்டு, தலை நீக்கி உறைய வைக்கப்பட்டு, சீனாவில் உருக்கித் துண்டு போடப்பட்டு, மறுபடியும் உறைந்து, அமெரிக்காவில் ரொட்டித்தூள் மட்டும் பூசிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. இதே மீன் அலாஸ்காக் கடலில் கொள்ளையாகக் கிடைக்கும்போது, வரிப்பணத்தில் நடக்கும் குழந்தைகள் உணவுத் திட்டத்துக்கு அது உலகைச் சுற்றி வர வேண்டிய தேவை என்ன என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சட்டமே இப்போது கறாராகப் பேசுகிறது.

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகளின்) உணவுப் பிரிவில் வேலை செய்யும் தமிழர்கள், பள்ளிகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் சிறு வணிகர்கள், பிள்ளைகளின் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்க விரும்பும் பெற்றோர், அமெரிக்கச் சந்தையை நம்பியிருக்கும் கடலுணவு ஏற்றுமதியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றை மனத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஆலையின் முகவரியை மட்டும் வைத்து மீனின் நாட்டை முடிவு செய்ய முடியாது. வலை எங்கே விழுந்தது, அதை இழுத்த கப்பல் எந்தக் கொடியைப் பறக்கவிட்டது என்பதுதான் முதல் கேள்வி.

முதல் படி: உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது?

இங்கேயே பலர் குழம்புகிறார்கள். 1933ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொருள் கொள்முதல் சட்டம், மத்திய அரசுத் துறைகள் நேரடியாக வாங்கும் பொருள்களுக்கானது. பள்ளிகளுக்கு உரியது அதுவல்ல. பள்ளிகளுக்கு உரியது, ரிச்சர்டு ரஸ்ஸல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் 1998ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்த தனி விதி. மதிய உணவுக்கும் காலை உணவுக்கும் மத்திய அரசின் மானியம் பெறும் பள்ளி மாவட்டங்கள், இயன்ற அளவுக்கு உள்நாட்டு விளைபொருளையும் உள்நாட்டு உணவுப் பொருளையுமே வாங்க வேண்டும் என்கிறது. பள்ளி உணவுக் கணக்கிலிருந்து செலவாகும் எல்லா உணவுக்கும் இது பொருந்தும். சமையலைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு மாவட்டத்தினுடையதே.

அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, ஒன்றோடொன்று நிலத்தால் இணைந்த 48 மாநிலங்களுக்கே இந்த விதி முழுமையாகப் பொருந்தும். ஹவாயிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் உள்ளூரிலேயே போதுமான அளவில் விளைகிற பொருளை உள்ளூரிலேயே வாங்க வேண்டும் என்ற வேறு நிபந்தனை இருக்கிறது. குவாம், அமெரிக்க சமோவா போன்ற ஆட்சிப்பகுதிகளில் உற்பத்தியாகும் பொருள்கள் உள்நாட்டுப் பொருள்களாகவே கருதப்படுகின்றன.

ராணுவத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 1941இல் வேர்கொண்ட பெர்ரி திருத்தம் என்ற அந்தச் சட்டம் படைவீரர்களுக்கான மீனுக்குப் பள்ளி விதியைவிடக் கடுமையானது. மறுபுறம், ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவி அட்டையில் கடையில் மீன் வாங்குபவருக்கு இப்படிப்பட்ட எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஆக, அரசு உணவுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டாம். இந்த வழிகாட்டி பள்ளிகளைப் பற்றியது.

இரண்டாம் படி: ‘உள்நாட்டு மீன்’ என்றால் என்ன?

கோதுமைக்கும் கேரட்டுக்கும் இது எளிது, நிலம் நகராது. மீன் நகரும், கப்பலும் நகரும். அதனால்தான் இந்த விதி மீனைப் பற்றித் தெளிவாகப் பேசாமல் நெடுநாள் இருந்தது பெரிய ஓட்டையாகிப் போனது. அதை அடைத்தது 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம். அலாஸ்காவின் செனட்டர் டான் சல்லிவன் இதற்காக விடாமல் வாதாடினார். வேளாண்மைத் துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி விதிகளில் இது வரிவரியாக எழுதப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்.

வளர்ப்பு மீன் என்றால், அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப்பகுதிகளிலோ அறுவடையாகியிருக்க வேண்டும்.

கடலில் பிடித்த மீன் என்றால், அமெரிக்காவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்குள் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும்; அல்லது அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பலால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை விரியும் அந்த மண்டலத்தை 1983 மார்ச் 10 அன்று அதிபர் ரீகன் ஒரு பிரகடனத்தின் மூலம் அறிவித்தார்.

‘அல்லது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நடுப் பசிபிக்கில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில், அமெரிக்கக் கொடிக் கப்பல் சுற்றி வளைத்த சூரை மீன் உள்நாட்டு மீன்தான். அதே இடத்தில் பக்கத்தில் நின்ற வேறு நாட்டுக் கப்பலின் வலையில் விழுந்த சூரை உள்நாட்டு மீன் அல்ல. கொடி என்பது வெறும் துணியும் அல்ல. ஒரு மீன்பிடிக் கப்பல் அமெரிக்கக் கொடி பெற வேண்டுமானால் அதன் உடைமையில் குறைந்தது 75 சதவீதம் அமெரிக்கக் குடிமக்களிடம் இருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் அமெரிக்க மீன்வளச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

பிடித்த இடத்தோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. உணவுப் பொருள் என்ற அளவில், அது அமெரிக்காவிலேயே பதப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அதில் 51 சதவீதத்துக்கு மேல், எடையாலோ கன அளவாலோ, உள்நாட்டு விளைபொருளாக இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். அலாஸ்காவில் பிடித்த மீனைச் சீனாவுக்கு அனுப்பித் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளை அப்படியே பள்ளிக்குக் கொடுத்தால், பிடித்த கடல் சரி. பதப்படுத்திய இடம் தவறு. ரஷ்ய மீனை அமெரிக்க ஆலையில் பொரித்தால், இடம் சரி, கடல் தவறு.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 100 கிராம் துண்டில் மீன் 62 கிராம், மேல் பூச்சு 38 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை, எண்ணெய், சோள மாவு எல்லாமே உள்நாட்டுப் பொருளாக இருந்தாலும் 38 சதவீதம்தான் ஆகிறது. மீன் வெளிநாட்டினுடையது என்றால் பொருள் தேறாது. பூச்சு தடித்துப் போய் மீன் பாதிக்குக் கீழே இறங்கும் பொருள்களில் இந்தச் சதவீதத்தை வைத்துச் சிலர் சாமர்த்தியம் காட்டப் பார்ப்பார்கள். அந்த விவாதத்துக்குள் போகவே வேண்டாம். சட்டம் சொல்வதைவிடக் கறாரான நிபந்தனை விதிக்க மாவட்டத்துக்கு உரிமை உண்டு. ‘இதில் உள்ள மீன் முழுவதும் உள்நாட்டு மீனாக இருக்க வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரே வரி எழுதிவிட்டால் சதவீதச் சண்டை எழாது.

மூன்றாம் படி: எந்தெந்த மீனில் கவனம் வேண்டும்?

பள்ளிகளில் அதிகம் புழங்குவது பொல்லாக் என்ற வெள்ளைச் சதை மீன். அமெரிக்காவில் எடைக்கணக்கில் மிகப் பெரிய மீன்பிடிப்பு அதுதான். அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் இழுவைக் கப்பல்கள் பிடித்து, கப்பலிலேயே துண்டு போட்டு உறைய வைக்கின்றன. அல்லது டச்சு ஹார்பர், அகுடான் போன்ற இடங்களின் கரையோர ஆலைகளுக்குக் கொண்டுவருகின்றன. ஒரே முறை உறைய வைத்த மீனுக்கும் இரண்டு முறை உறைய வைத்த மீனுக்கும் உள்ள வேறுபாடு தட்டில் தெரியும். உருக்கி மறுபடி உறைய வைக்கும்போது சதையிலிருந்து நீர் கசிந்துபோகிறது. அதைப் பிடித்து வைக்கச் சில ஆலைகள் பாஸ்பேட் உப்புகளைச் சேர்க்கின்றன. வெந்தபின் மீன் சவசவவென்று ரப்பர் போல இருந்தால் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். ‘எங்கள் பிள்ளைகளுக்கு மீன் பிடிக்காது’ என்று சொல்லும் சமையலறைகளில், பிடிக்காமல் போனது மீனா, அந்த மீனா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொல்லாக்கின் பெயரிலும் ஒரு பொறி இருந்தது. எங்கே பிடித்தாலும் அந்த இனத்துக்கு ‘அலாஸ்கா பொல்லாக்’ என்றே சந்தைப் பெயர் வழங்கிவந்தது. ரஷ்யாவில் பிடித்ததும் அலாஸ்கா பொல்லாக்தான்! நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, 2016 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகம் இதை மாற்றியது. இனத்தின் பெயர் இப்போது வெறும் ‘பொல்லாக்’. அலாஸ்காவில் பிடித்ததற்கு மட்டுமே ‘அலாஸ்கா’ என்ற முன்னொட்டு. ஆகவே பெட்டியில் பொல்லாக் என்று மட்டும் இருந்தால் உடனே கேள்வி கேளுங்கள்.

ரஷ்ய மீன் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2022 மார்ச்சில் ரஷ்ய மீன் இறக்குமதி தடைசெய்யப்பட்டாலும், மூன்றாவது நாட்டில் உருமாறி வரும் மீன் தப்பித்துக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் பிறந்த 14114ஆம் எண் நிர்வாக ஆணை அந்த வழியையும் அடைத்தது. ரஷ்யாவில் பிடித்த பொல்லாக், காட், சால்மன், நண்டு ஆகியவை எந்த நாட்டு ஆலை வழியாக வந்தாலும் இப்போது தடை. இது பள்ளி விதியைவிடப் பெரிய சட்டம். மீறினால் விளைவும் பெரியது. வழங்குநரிடம் பிடித்த கப்பலின் விவரத்தைக் கேட்க இதுவும் ஒரு காரணம்.

கெளுத்தி மீன் ஒப்பீட்டில் எளிது. மிசிசிப்பி, அலபாமா, ஆர்கன்சா, டெக்சஸ் மாநிலங்களின் குளங்களில் பெருமளவு வளர்க்கிறார்கள். வியட்நாமிலிருந்து வரும் பங்காசியஸ் இனத்தை அமெரிக்காவில் ‘கேட்ஃபிஷ்’ என்ற பெயரில் விற்க முடியாது; பாசா, ஸ்வாய் என்றே வரும். விலைப்பட்டியலில் அந்தப் பெயர்களைக் கண்டால் அது உள்நாட்டுப் பொருள் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். திலாப்பியாவும் பெரும்பாலும் இறக்குமதி. சால்மனில், ‘அட்லாண்டிக்’ என்றால் வளர்ப்பு மீன். அதிகமும் நார்வே, சிலி, கனடா நாடுகளிலிருந்து வருவது. அலாஸ்காவின் காட்டுச் சால்மன், அதாவது பண்ணையில் வளர்க்காமல் இயற்கையில் பிடிப்பது, உள்நாட்டு மீன். அலாஸ்காவில் கடல்மீன் வளர்ப்புக்குத் தடை இருப்பதால் அங்கிருந்து வரும் சால்மன் வளர்ப்பு மீனாக இருக்க வாய்ப்பில்லை.

சூரைதான் தலைவலி. டப்பாவில் அடைப்பது அமெரிக்காவில் நடந்தாலும், மீனை வெளிநாட்டில் வேகவைத்துச் சதையைப் பிரித்து உறைகட்டியாகக் கொண்டுவரும் வழக்கம் பரவலாக உண்டு. அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் உள்ள ஆலை ஆட்சிப்பகுதியில் இருப்பதால் பதப்படுத்திய இடம் பற்றிச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கேயும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் மீன் இறக்குகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் கப்பலின் கொடி என்ன என்ற எழுத்துச் சான்று இல்லாமல் சூரையை உள்நாட்டுக் கணக்கில் எழுத வேண்டாம்.

இறாலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு அதிக இறால் அனுப்பும் நாடு இந்தியா. ஆந்திரக் கரையோரப் பண்ணைகளிலிருந்தும், நாகப்பட்டினம் பகுதிப் பண்ணைகளிலிருந்தும் போகும் இறால் உணவகங்களிலும் கடைகளிலும் தாராளமாக விற்கிறது. பள்ளிக் கணக்கில் அது வெளிநாட்டுப் பொருள். அமெரிக்க ஆலையில் தோலுரித்து மாவு பூசினாலும் அப்படித்தான். ஏற்றுமதியாளர்கள் பள்ளிச் சந்தையை நம்பித் திட்டம் போடக் கூடாது. வெளிநாட்டுப் பொருளுக்கு அங்கே மிஞ்சியிருக்கும் இடம் படிப்படியாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான்காம் படி: விலை கேட்கும் முன்பே எழுதிவையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெட்டி வந்த பிறகு வாதாடிப் பயனில்லை. கொள்முதல் நடைமுறை, ஒப்பந்தப்புள்ளி அழைப்பு, ஒப்பந்தம் மூன்றிலும் உள்நாட்டுக் கொள்முதல் விதியைச் சேர்ப்பது 2024 விதிகளின்படி கட்டாயம். பெரும்பாலான மாவட்டங்கள் பொதுவான ஒரு வாக்கியத்தை ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. மீனுக்கு அது போதாது.

நான் பரிந்துரைக்கும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “வழங்கப்படும் ஒவ்வொரு மீன் பொருளுக்கும் வழங்குநர் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்: மீன் இனத்தின் அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா, வளர்த்ததா, பிடித்த கடற்பகுதி, பிடித்த கப்பலின் கொடி, துண்டு போட்ட நாடும் ஆலையும், எத்தனை முறை உறைய வைக்கப்பட்டது, மேல் பூச்சும் இறுதிப் பதப்படுத்தலும் நடந்த ஆலை, மொத்த எடையில் உள்நாட்டு விளைபொருளின் சதவீதம். பொருளையோ மூலத்தையோ மாற்ற வேண்டியிருந்தால், அனுப்புவதற்கு முன்பே மாவட்டத்தின் எழுத்து ஒப்புதலைப் பெற வேண்டும்.”

கடைசி வாக்கியம்தான் காவல். விலைப்புள்ளியில் அலாஸ்கா மீனைக் காட்டி வென்றுவிட்டு, நவம்பரில் ‘கையிருப்பு இல்லை, அதே மாதிரி வேறு பொருள்’ என்று மாற்றி அனுப்புவது வழக்கமான சங்கதி. வண்டியிலிருந்து பெட்டியை இறக்குபவருக்குப் பொருள் எண் மாறியது தெரியாது. முன் ஒப்புதல் இல்லாத மாற்றுப் பொருளை ஏற்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால், திருப்பி அனுப்ப உங்களுக்கு ஆதாரம் இருக்கும்.

அறிவியல் பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ‘வெள்ளை மீன்’ என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ‘காடஸ் சால்கோகிராமஸ்’ என்று எழுதிவிட்டால் பொல்லாக்கைத் தவிர வேறு எதுவும் வர முடியாது.

உள்ளூர் மீனவரிடம் வாங்க ஆசைப்படும் கடலோர மாவட்டங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2024 ஜூலை முதல், ‘உள்ளூரில் பிடித்தது’ என்பதையே கொள்முதல் நிபந்தனையாக வைக்கலாம். முன்பு உள்ளூர்ப் பொருளுக்குக் கூடுதல் மதிப்பெண் தர முடிந்ததே தவிர, உள்ளூர்ப் பொருள்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. பதப்படுத்தாத அல்லது சிறிதளவே பதப்படுத்திய பொருளுக்குத்தான் இந்தச் சலுகை. முழு மீனும் துண்டு மீனும் இதில் அடங்கும், பொரித்த மீன் அடங்காது. போட்டியும் இருக்க வேண்டும். ஒரே ஒரு வழங்குநருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ‘உள்ளூர்’ எல்லையை வரையக் கூடாது.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிங் கடல் பொல்லாக் பிடிப்பு ஜனவரி 20இல் தொடங்குகிறது; இரண்டாம் பருவம் ஜூன் 10இல். சால்மன் கோடையில் வருகிறது. பள்ளி திறந்த பிறகு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ அவசரமாகக் கேட்டால் மிச்சம் மீதியும் ஏறிய விலையும்தான் கிடைக்கும். அடுத்த கல்வியாண்டுக்கான தேவையை வசந்த காலத்திலேயே கணக்கிட்டு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிற மாவட்டங்களுக்கு உள்நாட்டு மீன் கட்டுப்படியாகிறது. சிறிய மாவட்டங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினால் ஆலைகளே தேடி வரும்.

ஐந்தாம் படி: அரசு வாங்கித் தரும் மீனை விட்டுவிடாதீர்கள்

எல்லாவற்றையும் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேளாண்மைத் துறையே மொத்தமாக வாங்கிப் பள்ளிகளுக்கு ஒதுக்கும் உணவுப் பொருள்கள் இருக்கின்றன. அவை முழுக்க உள்நாட்டுப் பொருள்கள். அலாஸ்கா பொல்லாக் துண்டுகளும் அதில் உண்டு. உறைகட்டியாக ஒதுக்கிக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற ஆலைக்கு அனுப்பி உங்களுக்கு வேண்டிய வடிவத்தில் பெறும் வழியும் இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டை மாட்டிறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் செலவழித்துவிட்டு, மீனைச் சந்தையில் தேடும் மாவட்டங்கள் பல. மீனைப் பொறுத்தவரை மூலச் சான்று தேடும் அலைச்சலே இல்லாத வழி இதுதான் என்பதால், ஒதுக்கீட்டில் ஒரு பங்கை மீனுக்கு வைப்பது புத்திசாலித்தனம்.

ஆறாம் படி: பெட்டியைப் படியுங்கள்

பொருள் இறங்கும் இடத்தில் நிற்பவருக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். முகப்பை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘இன்னாருக்காகப் பொதியப்பட்டது’, ‘இன்னாரால் விநியோகிக்கப்படுவது’ என்று தொடங்கும் வரி அலுவலக முகவரியைத்தான் சொல்கிறது. மீனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பொருள்களின் பட்டியலுக்குக் கீழே, சில நேரம் தொகுதி எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ‘சீனாவின் தயாரிப்பு’ என்று இருக்கும். பட்டியலில் மீனுக்கு அடுத்தபடியாகச் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால், அந்த மீனின் பயணத்தைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். அது மட்டுமே குற்றச்சாட்டு ஆகாது. உள்நாட்டு ஆலைகளும் அதைப் பயன்படுத்துவதுண்டு.

இரண்டு முத்திரைகள் ஆட்களை ஏமாற்றுகின்றன. ஒன்று, குழந்தைகள் ஊட்டச்சத்து முத்திரை. ஒரு துண்டு, உணவில் எத்தனை அவுன்ஸ் புரதப் பங்காகக் கணக்காகும் என்பதை அது சொல்கிறது. மற்றொன்று, மத்திய அரசின் கண்காணிப்பில் பொதியப்பட்டது என்ற முத்திரை. அது ஆலையின் சுகாதாரத்தையும் தரத்தையும் பற்றியது. இரண்டும் மதிக்கத்தக்கவை, ஆனால் மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று இரண்டுமே சொல்வதில்லை. முத்திரையின் படத்தைக் கோப்பில் ஒட்டிவிட்டு ‘உள்நாட்டுச் சான்று உள்ளது’ என்று எழுதும் தவறு நிறைய இடங்களில் நடக்கிறது.

கடைகளில் மீனுக்குப் பிடித்த நாட்டையும், காட்டு மீனா வளர்ப்பு மீனா என்பதையும் எழுத வேண்டும் என்ற சட்டம் 2005 முதல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சில்லறைக் கடைகளுக்கானது. மாவு பூசியது, வேகவைத்தது போன்ற பதப்படுத்திய பொருள்களுக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு. பள்ளிக்கு வருவதோ பெரும்பாலும் அப்படிப்பட்ட பொருள்தான். அதனால் அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. நான்காம் படியில் நீங்கள் எழுதிவைத்த ஒப்பந்தம்தான் காப்பாற்றும்.

ஏழாம் படி: விதிவிலக்கும் உச்சவரம்பும்

வெளிநாட்டு மீனை வாங்கவே கூடாதா? வாங்கலாம், இரண்டே காரணங்களுக்காக. உள்நாட்டில் போதுமான அளவிலோ திருப்தியான தரத்திலோ கிடைக்கவில்லை என்றால் ஒன்று. போட்டி விலைப்புள்ளிகளின்படி உள்நாட்டுப் பொருளின் விலை குறிப்பிடத்தக்க அளவு அதிகம் என்றால் மற்றொன்று. ‘குறிப்பிடத்தக்க’ என்பது எத்தனை சதவீதம் என்று மத்திய அரசு வரையறுக்கவில்லை. மாவட்டமே முன்கூட்டித் தன் கொள்முதல் நடைமுறையில் ஓர் அளவை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. விலைகளைப் பார்த்த பிறகு அளவை நிர்ணயித்தால் தணிக்கையில் நிற்காது.

விதிவிலக்கை நாடும் முன் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு உள்நாட்டு வழங்குநர் உண்டா? காட் மீன் கிடைக்கவில்லை என்றால் பொல்லாக்கோ ஹேக் என்ற மீனோ அந்த இடத்தில் நிற்குமா? தவறான பருவத்தில் விலை கேட்டுவிட்டோமா? பிள்ளைகளுக்கு வேண்டியது ரொட்டிக்கு நடுவே வைக்க ஒரு வெள்ளைச் சதை மீன். அது இந்த இனமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பழைய பட்டியலின் பழக்கமே. கேட்ட கேள்விகளையும், வந்த விலைகளையும், எடுத்த முடிவையும் ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விதிவிலக்கு இருந்தாலும் அளவுக்கு எல்லை உண்டு. 2025 ஜூலை 1இல் தொடங்கிய 2025–26 கல்வியாண்டு முதல், வெளிநாட்டு உணவுக்கான செலவு, மாவட்டம் ஆண்டு முழுவதும் சந்தையில் உணவு வாங்கும் மொத்தச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2028–29 முதல் அது 8 சதவீதமாகவும், 2031–32 முதல் 5 சதவீதமாகவும் குறையும். இது மீனுக்கு மட்டுமான கணக்கு அல்ல. எல்லா உணவுக்கும் சேர்த்து. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு உணவு வாங்கும் மாவட்டத்துக்கு இன்று ஒரு லட்சம் டாலர் இடம் இருக்கிறது. 2031இல் அது ஐம்பதாயிரம். அந்தச் சிறிய இடத்தை இந்த நாட்டில் விளையவே விளையாத பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிங் கடலில் கொட்டிக் கிடக்கும் மீனுக்கு மாற்றாக இறக்குமதி மீனை வாங்கி அதை வீணாக்குவது எனக்குச் சம்மதமில்லாத காரியம்.

வரம்புக்குள் நிற்க உண்மையிலேயே முடியாத மாவட்டங்களுக்கு, பள்ளி உணவுத் திட்டத்தை மேற்பார்க்கும் மாநில முகமை தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்து தரலாம். உள்நாட்டுக் கொள்முதலை உயர்த்த முகமையோடு சேர்ந்து வேலை செய்கிறோம் என்று காட்ட வேண்டும். ஆண்டு இறுதியில் எல்லை மீறியது தெரிந்த பிறகு ஓடாமல், முன்பே பேசுங்கள். மாதந்தோறும் வெளிநாட்டுப் பொருள்களின் விலைச்சீட்டுகளைத் தனி நிரலில் கூட்டிக்கொண்டு வந்தால், பிப்ரவரியிலேயே நிலைமை தெரிந்துவிடும்.

எட்டாம் படி: தணிக்கைக்கான கோப்பு

மாநில முகமையின் ஆய்வாளர் வந்தால் காகிதங்களோடு நிற்க மாட்டார். உறைபதன அறைக்குள் போய்ப் பெட்டிகளைத் திருப்பிப் பார்ப்பார். பெட்டியில் வேறு நாட்டின் பெயர் இருந்து, அதற்கான விதிவிலக்கு ஆவணம் கோப்பில் இல்லையென்றால் அது குறைபாடாகப் பதிவாகும். திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு மீன் பொருளுக்கும் ஓர் உறை வைத்துக்கொண்டால் போதும். ஒப்பந்தத்தின் நிபந்தனைப் பக்கம், வழங்குநரின் மூலச் சான்று, பெட்டியின் பக்கவாட்டுப் புகைப்படம் தொகுதி எண்ணோடு, விலைச்சீட்டு, விதிவிலக்கு இருந்தால் அதன் குறிப்பு. சான்று கல்வியாண்டுக்கு ஒரு முறையாவது புதிதாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முந்திய பொதுக் கடிதத்தை ஏற்காதீர்கள், ஆலைகள் மூலத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த நிதியாண்டின் கடைசி மானியக் கோரிக்கையைச் சமர்ப்பித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை இவற்றைப் பாதுகாக்க வேண்டும். முடியாத தணிக்கை இருந்தால் அது முடியும்வரை.

பெற்றோருக்கு: இந்த ஆவணங்கள் பொதுப்பணத்தில் இயங்கும் அலுவலகத்தின் பதிவுகள். மாவட்டத்தின் உணவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, ‘பள்ளியில் பரிமாறும் மீன் எந்த இனம், எந்தக் கடலில் பிடித்தது, எங்கே துண்டு போட்டது’ என்று மரியாதையாகக் கேளுங்கள். கோப்பு ஒழுங்காக இருக்கும் மாவட்டம் ஒரே நாளில் பதில் சொல்லிவிடும். பதில் வரத் தாமதமானால் மாவட்டக் கல்வி வாரியத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து அதே மூன்று கேள்விகளையும் கேட்கலாம்.